நொச்சித் திணையும் ஞாயிற்றுக்கிழமை கோல்கீப்பரும்: ஒரு பூர்வாங்க ஆய்வு

கோட்டையை முற்றுகையிடுவது உழிஞை, உள்ளிருந்து காப்பது நொச்சி. தொல்காப்பியம் இரண்டையும் உழிஞைக்குள்ளேயே அடக்கிவிட்டது. புறப்பொருள் வெண்பாமாலைதான் நொச்சிக்குத் தனித் திணை தந்தது. 1863இல் எழுதப்பட்ட கால்பந்து விதிகளிலும் கோல்கீப்பர் என்றொரு ஆள் கிடையாது. 1871இல்தான் உள்ளே வந்தார். காப்பவன் கடைசியில்தான் நினைவுக்கு வருவான் என்பது இதனால் பெறப்படும். சென்னை டர்ஃப்களில் இன்றும் அதே மரபு. லேட்டாக வந்தவன், தொப்பை வைத்தவன், முட்டி வலி என்று வாய்விட்டவன் ஆகிய மூவருள் ஒருவனுக்கே கிளவுஸ். "நீ சும்மா நில்லு மச்சான், போதும்."

அவனுக்குத் தரப்படும் பயிற்சியோ தண்டனை வகையைச் சார்ந்தது. நாலு வீடியோ பார்த்த நண்பர் ஒருவர் பக்கத்தில் நின்று பந்தை உதைத்துக்கொண்டே இருப்பார்; இவன் விழுந்து, எழுந்து, மூச்சு வாங்கி, மறுபடி விழுவான். விழுவதிலுள்ள சுகம் அங்கேயே செத்துவிடுகிறது. பைக் ஓட்டத் தொடங்கிய நாளிலிருந்து விழுதல் என்றாலே ஆஸ்பத்திரி பில் என்று பழகிய உடம்பு அது. ஆகவே முதலில் மண்டியிட்டபடி பக்கவாட்டில் சாயப் பழக்க வேண்டும். தொடை, இடுப்பு, தோள் என்ற வரிசையில் தரை தொட வேண்டும். முழங்கையை ஊன்றினால் ஆய்வு அத்துடன் முடிந்தது. திங்கட்கிழமை ஆபீசில் ஷூவைக் கழற்றும்போது டர்ஃபின் கறுப்பு ரப்பர்த் துகள் கொட்டினால் பயிற்சி பலித்தது என்க.

286 பெனால்டிகளை அலசி 2007இல் வெளியான ஓர் ஆய்வின்படி, சுமார் 29 சதவீதப் பந்துகள் நடுவில் வந்தன. கீப்பர்கள் நடுவில் நின்றதோ 6.3 சதவீதம்தான். சும்மா நின்று கோல் வாங்கினால் மனசு கூடுதலாக உறுத்தும், அதனால் பாய்கிறார்கள் என்பது ஆய்வாளர்கள் விளக்கம். பாய்வது ஜாலியாக இருக்கும் என்ற எளிய காரணம் பேராசிரியர்களுக்குத் தோன்றவில்லை போலும்.

"வயசாயிடுச்சு" என்ற மறுப்பு செல்லாது. டினோ ஜோஃப் 1982இல் இத்தாலிக்கு உலகக் கோப்பை வென்றபோது அவருக்கு வயது 40. எகிப்தின் எஸ்ஸாம் எல்-ஹதாரி 2018 உலகக் கோப்பையில் 45 வயதில் சவூதியின் பெனால்டியைத் தடுத்தார்.

எமது பரிந்துரை: இரண்டு கோல்களை எதிரெதிரே நெருக்கமாகப் போட்டு, இரண்டு கீப்பர்களை நிறுத்தி, ஒருவர் கோலுக்குள் மற்றவர் எறியவும் உதைக்கவும் விட வேண்டும். தோற்றவர் டீ வாங்கித் தர வேண்டும். ஒவ்வொரு தடுப்புக்கும் கத்துவது கட்டாயம். தற்செயலாக முட்டியில் பட்டுத் திரும்பிய பந்துக்கு இன்னும் உரக்க. ஃபார்வர்டுகளும் முறைவைத்து கோலில் நிற்க வேண்டும் என்றும் முன்மொழிந்தோம். கிளவுஸ் நாறுகிறது என்று அத்தரப்பிலிருந்து எழுந்த மறுப்பு, உண்மையே எனினும், இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.