ஆயில்னு பேரு வெச்சவன் ஆரு?

வா கண்ணு, சித்த இப்படி ஒக்காரு. டெல்லி ஆர்.கே.புரத்துக் குளிருக்கு என்ற எலும்பு இன்னும் பழகல. காலையில பத்து மணிக்கு இந்தக் குவார்ட்டர்ஸ் வாசல்ல விழுகற வெயில் ஒண்ணுதான் இந்த ஊர்ல எனக்கு ஒறம்பரை. என்ன, மொகம் சுண்டிக் கெடக்குது? திரும்பவும் கிளட்சா?

இரு, நானே சொல்றேன். தம்தமா ஏரிக்கு அக்கட்டால கல்லுலயும் மணல்லயும் ஏத்தியிருப்ப. பெடலை மிதிச்ச, பொசுக்குனு உள்ள போயிருச்சு. கியரு விழுகல. அப்புறம் கூட்டாளி வண்டியில கயிறு கட்டி இழுத்துட்டு வந்தீங்க. நீ இதை மலையேத்தம்ங்கற. எனக்கென்னமோ உன்ற ஜீப்பு கயித்துல வர்றதுக்குன்னே நேந்துவிட்டதாட்டந்தான் தெரியுது.

இது நாலாவது தடவை. மாப்பிள்ளை ஆபீசுக் கணக்கு பாக்கறாரு, இந்தக் கணக்கை நான் வெச்சிருக்கறேன். மொத தடவை கீழ கியர்பாக்ஸோரத்துல இருக்கற ஸ்லேவ் சிலிண்டருக்குக் கிட்டு மாத்துன. ரெண்டாவதுக்கு அந்த சிலிண்டரையே மாத்துன. மூணாவதுக்குப் பெடலுக்குப் பின்னால இருக்கற மாஸ்டர் சிலிண்டரு. ஒவ்வொருக்காலும் உன்ற மிஸ்திரி ‘சாமான் சரியில்லே’ன்னான், நீயும் மெட்ரோ ஏறி கஷ்மீரி கேட்டுக்கு ஓடுன. டீசல் வண்டிக்கு இந்த ஊர்ல பத்து வருசந்தான் ஆயுசுன்னு 2015-ல பசுமைத் தீர்ப்பாயம் சொல்லி, 2018-ல சுப்ரீம் கோர்ட்டும் ஆமான்னுச்சு. நீ என்னடான்னா கிளட்சுக்கு மட்டும் மூணு மாசம்னு தனித் தீர்ப்பு எழுதிட்டிருக்கற.

ஒரே தோட்டத்துல நாலு மாடு அடுத்தடுத்துச் செத்தா, மாடு வித்த தரகனையா வைவ? தண்ணித் தொட்டிய மோந்து பாக்க வேண்டாமா?

அந்தக் காலத்து வில்லிஸ் ஜீப்புல கிளட்சை இழுக்கறதுக்குக் கேபிளு. அறுந்தா அறுந்தது கண்ணுக்குத் தெரியும். உன்ற வண்டியில அந்த வேலைய ஒரு கைப்பிடித் திரவம், அதான் பிரேக் ஆயில், பாக்குது. பெடலை மிதிச்சா மாஸ்டர்ல இருக்கற பிஸ்டன் அதைக் குழாய்ல தள்ளும், அது போய் ஸ்லேவ் பிஸ்டனைத் தள்ளும், அது போர்க்கைத் தள்ளும், போர்க்கு பேரிங்கைத் தள்ளும், அப்பத்தான் கிளட்ச் தட்டு விடும். இத்தனை தள்ளுமுள்ளுக்கும் காவல் நிக்கறது பிஸ்டன்ல மாட்டுன நகத்தளவு ரப்பர் கப்பு. உதடு விரிஞ்ச கிண்ணமாட்டம் இருக்கும். உள்ள அழுத்தம் ஏறஏற அந்த உதடு சுவத்தோட இன்னும் இறுக்கி ஒட்டும். திருடன் தள்ளத்தள்ள தானே தாழ் போட்டுக்கற கதவுன்னு வெச்சுக்க.

அந்தக் கிண்ணம் லேசுப்பட்ட சாமானில்ல சாமி. லண்டன்ல பிராமான்னு ஒருத்தர் 1795-ல தண்ணி அழுத்தத்துல ஓடற பிரஸ்ஸுக்குப் பேட்டண்ட் வாங்குனாரு. அழுத்தம் கூடுனா தண்ணி ஓரத்துல பீச்சியடிச்சுது. அவரு பட்டறையில இருந்த ஹென்றி மாட்ஸ்லிதான் தோல்ல கிண்ணம் வளைச்சு அதை அடைச்சாருன்னு சொல்லுவாங்க. நம்ம ஊட்டு சைக்கிள் பம்புல தேங்காயெண்ணெ விட்டு ஊறவெப்பனே, அந்தத் தோல் வாஷரு அதே வம்சம். அடிபம்புலயும் அதே தோலுதான். தேஞ்சு தேஞ்சு போகும், பொம்பளைங்க கொடத்தோட நிப்பாங்க. 1980-கள்ல நம்ம கோயமுத்தூர் ஜில்லாவுல ஊரு ஊராப் போயி இந்தியா மார்க்-2 பம்பைச் சோதிச்சாங்க. தோலைத் தூக்கிப்போட்டு நைட்ரைல் ரப்பர் கப்பு போட்டதுக்கப்புறந்தான் பம்பு நெம்ப நாள் நின்னுச்சு.

இதையெல்லாம் எதுக்கு இழுக்கறேன்னு கொட்டாவி விடாத. சங்கதி இங்கதான் இருக்குது. ரப்பர்ல ரெண்டு பங்காளி. நைட்ரைலுக்கு எண்ணெ ஒத்துக்கும், பிரேக் ஆயில் ஆகாது. உன்ற கிளட்ச் கப்பு அதுக்கு நேரெதிர். பிரேக் ஆயில்ல வருசக்கணக்கா ஊறிக் கெடக்கும், ஒண்ணும் ஆகாது. இஞ்சின் ஆயிலோ கியர் ஆயிலோ துளி பட்டாப் போதும், மழையில நனைஞ்ச பணியாரமாட்டம் உப்பிரும். உப்புன கப்பு மாஸ்டர்ல திரவம் திரும்பி வர்ற சின்னத் தொளைய மூடிக்கும், ஸ்லேவ்ல சிக்கிக்கும், அப்புறம் உதடு பிய்ஞ்சு ஒழுகும்.

ஆயிலை ஊத்த வேண்டிய எடத்துல ஆயிலை ஊத்தக் கூடாதுன்னா, அதுக்கு ஆயில்னு பேரு வெச்சவன் ஆரு? அவனைப் புடிச்சு இந்தக் குளிர்ல ஒரு ராத்திரி வெளிய நிறுத்தோணும். அது ஆயிலே இல்ல கண்ணு. கிளைக்கால் சாமான், தண்ணியோட கலக்கற சாதி. கலக்கறது மட்டுமில்ல, காத்துல இருக்கற ஈரத்தையும் தானே குடிச்சுக்கும். டாட்-4 புதுசா இருக்கையில 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது. நூத்துல நாலு பங்குக்குச் சித்த கம்மியா தண்ணி சேந்துட்டா 155-க்கே கொதிக்கலாம். சைலன்சர் குழாய்க்குப் பக்கத்துல உன்ற ஹோஸ் போகுது பாத்தியா? கொதிச்சாக் காத்துக் கட்டும், பெடல் பஞ்சாயிரும். அதனாலதான் ரெண்டு வருசத்துக்கொருக்கா மாத்தச் சொல்றது. ஆனா உன்ற கோளாறு அதில்ல.

எப்படித் தெரியும்ங்கறயா? நேத்து நீ தூங்கிட்டிருக்கையில பானெட்டைத் தொறந்தேன். கிளட்ச் ஆயில் டப்பா மூடிக்குள்ள ஒரு ரப்பர் இருக்குமல்லொ, அது நெளிஞ்சு மடங்கி, உப்புன அப்பளமாட்டம் இருந்துச்சு. திரும்ப மூடுனா மூடி ஒக்கார மாட்டேங்குது. மூணு தடவை சிலிண்டரைக் கழட்டுன மிஸ்திரி இந்த மூடிய ஒருக்காவாவது திருப்பிப் பாத்திருந்தான்னா உனக்கு மெட்ரோ காசாவது மிச்சம். அப்புறம் பழைய கண்ணாடி பாட்டில்ல தண்ணி புடிச்சு, டப்பாவுல இருந்து நாலு சொட்டு விட்டுக் குலுக்கி வெச்சேன். உங்கம்மா டம்ளரைத் தொடல, டப்பாவுல இருக்கறது வெசம். பிரேக் ஆயில்னா தண்ணியோட கரைஞ்சு போகோணும். பாட்டில் அந்தா மாடத்துல இருக்குது, எந்திரிச்சுப் போயிப் பாரு.

பாத்தியா? மேல என்ன மெதக்குது? செவப்பா?

கண்ணு, பிரேக் ஆயில்ல செவப்பு ஏது? ஸ்டீயரிங்குக்கு ஊத்தற ஆயில்தான் செவப்பு. இப்ப மிஸ்திரிய வைய வாய் தொறந்தயே, அப்படியே மூடிக்க. மொதமொதல்ல பெடல் எறங்குன அன்னைக்கு எங்க இருந்த? மலையில. கூட்டாளி வண்டியில என்ன இருந்துச்சு? ‘எல்லாம் ஆயில்தானே’ன்னு ஊத்துனது ஆரு? சரி சரி, தலையச் சொறியாத. முடி கொட்டிட்டா அதுக்குக் கஷ்மீரி கேட்டுல சாமான் கெடைக்காது.

இனிமே இப்படிப் பண்ணு. மாஸ்டரு, ஸ்லேவு, மூடி ரப்பரு, எல்லாத்தையும் ஒரே நாள்ல கழட்டு. முக்கியமா அந்த ஹோஸை. மூணு தடவையும் நீ அதைத் தொடவே இல்ல. உள்ள எண்ணெ குடிச்சு ஊறி, புதுசா வர்ற ஒவ்வொரு கப்புக்கும் அதுதான் மருந்து வெச்சிட்டிருந்துச்சு. இரும்புக் குழாயப் புது பிரேக் ஆயில் ஊத்தி அலசு. சிலிண்டர் உட்சுவத்துல வெரலை விட்டுப் பாரு, சொரசொரன்னு இருந்தா கிட்டு போட்டுக் காசைக் கரியாக்காத. காத்து எடுக்கையில நிப்பிள் மேல பாத்து இருக்கோணும். காத்து மேலதான் போகும், உன்ற மிஸ்திரிக்கு மரியாதை குடுத்துக் கீழ வராது.

இன்னொண்ணு. குளிருக்குன்னு பெடலுக்கடியில ரெண்டு மெத்து மேட்டு போட்டு வெச்சிருக்கற. பெடல் முழுசாப் போகாது, கிளட்ச் முழுசா விடாது. கியர் மாத்தாதப்பவும் எடது கால் கிளட்ச் மேலயே கெடக்குது, திண்ணையில பழைய மாமனாராட்டம். அதையும் எறக்கி வெய்யி.

சரி, எந்திரி. சாயங்காலம் மலை மந்திருக்குப் போகோணும். 1973-ல அந்தக் குன்னு மேல கும்பாபிஷேகம் பண்ணுன நாள்லயிருந்து நம்ம சனம் ஏறிட்டிருக்குது. ஏழாவது செக்டார்தானே, ஜீப்ப எடுக்காத, நடந்தே போலாம். படியேறையில என்ற கையப் புடிச்சுக்க. எதுக்கும் வண்டிய இழுத்துட்டு வந்தீங்களே அந்தக் கயிறு, அதையும் எடுத்துக்க.