சத்தத்துக்கு இரண்டு மணி நேரம்

அமெரிக்க செனட்டர்கள் பாவம். கறுப்பினத்தவர் வாக்குரிமை மசோதாவைத் தடுக்க 1957-இல் ஸ்ட்ரோம் தர்மண்ட் 24 மணி 18 நிமிடம் பேசினார். தொண்டை போனதுதான் மிச்சம், மசோதா நிறைவேறிவிட்டது. பேசியே மசோதாவைத் தடுக்கும் இந்த வழக்கத்தை வைப்பதா, ஒழிப்பதா என்று அங்கே இன்னும் மல்லுக்கட்டு.

நம் தமிழக ஆளுநர் மாளிகை முறை எவ்வளவு நாகரிகம்! வாயே திறக்க வேண்டாம். சட்டமன்றம் அனுப்பிய பத்து மசோதாக்கள், சில 2020-இல் போனவை, 2023 நவம்பரில் அலுங்காமல் திரும்பின.

சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்துப் பட்டாசுக்கு இப்படி இஷ்டம்போல் நேரம் எடுக்கும் கொடுப்பினை இல்லை. தீபாவளிக்கு வெடிக்க இரண்டு மணி நேரம்தான் என 2018-இல் உச்ச நீதிமன்றம் கெடு வைத்தது. ஆளுநருக்குக் கெடு விதிக்க முடியாதென 2025-இல் அதே நீதிமன்றம் சொன்னது.

ஊர்க்காரர்கள் பாடம் கற்கலாம். திரி இருக்கும், மருந்து இருக்கும், வெடிக்காது, நாளெல்லாம் கொளுத்தலாம். 'மசோதா மார்க்' லேபிள் அடிக்கப் பக்கத்திலேயே சிவகாசி.