ஒன்று பூஜ்யம் ஒன்று

மருந்தாளுநர் பட்டயப் படிப்பான டி.பார்ம் மாணவர் இரண்டாண்டு வகுப்பு முடிந்ததும் 500 மணி நேரம் நேரடிப் பயிற்சி பெற வேண்டும். அதில் 250 மணி நேரமாவது சீட்டைப் பார்த்து மருந்து கொடுப்பதில் கழிய வேண்டும் என்பது விதி. கொடுத்தால் மட்டும் போதாது, நோயாளிக்கு விளக்கவும் வேண்டும் என்கின்றன 2015-இல் வந்த மருந்தாளுநர் பணி விதிமுறைகள். நம் மருந்துக்கடையில் அந்த விளக்கம் இப்படி நடக்கிறது: கத்தரிக்கோல் மாத்திரை அட்டையை வெட்டுகிறது, மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் மறுபாதியோடு கடையிலேயே தங்கிவிடுகின்றன. காகித உறையின் மேல் 1-0-1. "சாப்பிட்டப்புறம்." ஆலோசனை முடிந்தது.

கூட்டத்தில் பேச நேரம் ஏது என்பார்கள். நியாயம்தான். ஆனால் செல்போன் எண் கேட்கவும், தள்ளுபடி அட்டையில் சேர்க்கவும் அதே கூட்டத்தில் நேரம் கிடைத்துவிடுகிறது. டாக்டர் சொல்லியிருப்பாரே என்பது அடுத்த பதில். டாக்டரோ கடையில் சொல்வார்கள் என்று இருக்கிறார். இன்ஹேலரை வாங்கியவர் மூச்சை எப்போது இழுப்பது, எவ்வளவு நேரம் அடக்குவது என்று யாரைக் கேட்பார்? பயிற்சி மாணவரைத் தேர்வில் கேட்டால் படம் போட்டு விளக்குவார். கடையில் அவருக்குக் கொடுத்திருக்கும் வேலை பெட்டி அடுக்குவது. அடுத்த முறை அட்டையை வெட்டும்போது, பெயர் இருக்கும் பாதியைக் கேட்டு வாங்குங்கள்.