ஆக்டேனும் பொறுமையும்: ஓ.எம்.ஆர். டர்போ கார்களை முன்வைத்து ஓர் ஆய்வு

பாயிரம்

நூறு குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டர்போ இன்ஜினை வைத்துக்கொண்டு, சோழிங்கநல்லூர் சிக்னலில் முதல் கியருக்கும் நியூட்ரலுக்கும் நடுவே அல்லாடும் ஒருவர், அடுத்த முறை டேங்கில் நார்மல் போடுவதா, 95 போடுவதா, 100 போடுவதா என்று யோசிக்கிறார். கூடவே, ஸ்டேஜ் 1 ட்யூன் செய்துவிட்டால் என்ன என்றும் யோசிக்கிறார். இந்த இரு யோசனைகளுக்கும் அவர் நின்றுகொண்டிருக்கும் இடத்துக்கும் உள்ள உறவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வின் களம், சென்னையின் ஓ.எம்.ஆர். எனப்படும் பழைய மாமல்லபுரம் சாலையில் மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரி வரையிலான சுமார் 20 கிலோமீட்டர். நிலத்தையும் பொழுதையும் முதலில் சொல்வதே நம் இலக்கண மரபு. முல்லைக்குப் பெரும்பொழுது கார், சிறுபொழுது மாலை, உரிப்பொருள் இருத்தல். மெட்ரோ தூண்களைத் தவிர வேறு காடு இல்லை என்றாலும், கார், மாலை, இருத்தல் மூன்றும் குறைவின்றிக் கிடைப்பதால் ஓ.எம்.ஆர். முல்லைத் திணையே என்க.

பிறப்பு

2013இல் மறைமலைநகர் ஆலையிலிருந்து ஃபோர்டு ஈகோஸ்போர்ட் ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர் டர்போ இன்ஜினோடு வந்தது. அந்த இன்ஜின் பிளாக், ஏ4 தாளின் பரப்புக்குள் அடங்கும் என்று அந்நிறுவனம் பெருமைப்பட்டுக்கொண்டது. பின்னர் ஒரகடத்திலிருந்து நிசான் மேக்னைட், இருங்காட்டுக்கோட்டையிலிருந்து 120 குதிரைத்திறன் ஹூண்டாய் ஐ20 டர்போ என்று வரிசை நீண்டது. அதே இருங்காட்டுக்கோட்டையில்தான் சென்னையின் மோட்டார் பந்தயத் தடமும் இருக்கிறது. ஆக, இந்தக் கார் முழு வேகத்தில் ஓடத் தகுந்த இடம் அது பிறந்த ஊரிலேயே உண்டு. அதற்கு வாய்ப்பதோ துரைப்பாக்கம்.

சொற்பொருள்

ஆக்டேன் என்றால் வலிமை என்று பொருள் கொள்வாருளர். அது பொருந்தாது. ஆக்டேன் என்பது பொறுமை.

சிலிண்டருக்குள் நெருக்கப்பட்ட காற்றும் பெட்ரோலும், ஸ்பார்க் பிளக் பொறி தட்டும்வரை காத்திருக்க வேண்டும். பொறி விழுந்த பிறகும், தீ வந்து சேரும்வரை கடைசி மூலையில் இருக்கும் கலவை தன் முறைக்காகக் காத்திருக்க வேண்டும். காத்திராமல் தானாகவே வெடித்தால், அதைத்தான் மெக்கானிக்குகள் ‘இன்ஜின் தட்டுது’ என்கிறார்கள். டர்போவோ கூடுதல் காற்றை அமுக்கித் திணிக்கிறது. அமுக்கினால் காற்று சூடாகும். சூடானால் பொறுமை குறையும். இன்டர்கூலர் என்ற சமாதானத் தூதர் இடையில் வைக்கப்பட்டிருப்பது இதனால்தான்.

இந்தப் பொறுமைக்கு அளவுகோல் தந்தவர் அமெரிக்க வேதியியலாளர் கிரஹாம் எட்கர். 1920களின் நடுவில் அவர் ஐசோ-ஆக்டேனுக்கு நூறு மதிப்பெண்ணும் ஹெப்டேனுக்குப் பூஜ்யமும் போட்டார். அந்தப் பூஜ்யத்தையும் இளக்காரமாக எண்ணிவிட முடியாது. 1988 ஃபார்முலா ஒன் பந்தயங்களில் எரிபொருளின் ஆக்டேன் 102ஐத் தாண்டக்கூடாது என்று விதி இருந்தது. ஹோண்டா பொறியாளர்கள் 84 பங்கு டொலுவீனோடு 16 பங்கு ஹெப்டேனைக் கலந்து எண்ணைக் கீழே இறக்கினார்கள். அந்த இன்ஜின் பூட்டிய மெக்லாரன் கார்கள் 16 பந்தயங்களில் 15ஐ வென்றன.

பொறுமைக்கும் சத்துக்கும் தொடர்பில்லை என்பதற்கு எத்தனாலே சான்று. அதன் ஆக்டேன் எண் பெட்ரோலைவிட மிக அதிகம். லிட்டருக்குக் கிடைக்கும் ஆற்றலோ மூன்றில் ஒரு பங்கு குறைவு. இருபது சதவீத எத்தனால் கலந்ததால் சாதாரணப் பெட்ரோலின் ஆக்டேனே 91இலிருந்து 95க்கு உயர்ந்துவிட்டதாக மத்திய பெட்ரோலிய அமைச்சகம் 2025இல் சொன்னது. 95க்கென்று தனியாகக் காசு கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் இந்தச் செய்தியை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பது தனி ஆய்வுக்குரியது.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. நியூ ஜெர்சியிலிருந்து விடுமுறைக்கு வரும் மாமா, “எங்க ஊர்ல எல்லாரும் 87தான் போடறோம்” என்று சொன்னால் பதற வேண்டியதில்லை. அங்கே இருவகை ஆக்டேன் எண்களின் சராசரியைப் பெட்ரோல் பங்கில் எழுதுகிறார்கள். அவருடைய 87 ஏறக்குறைய நம் அளவுகோலில் 91.

மூலமும் உரைகளும்

இத்துறைக்கு மூலநூல் ஒன்றே. டேங்க் மூடியின் உட்புறம் ஒட்டப்பட்டிருக்கும் ஸ்டிக்கர் அது, இரண்டே வரி. உரைகளோ ஏராளம். அவற்றை மூன்று மரபுகளாகப் பகுக்கலாம்.

முதலாவது, ‘எப்போதும் பவர்’ மரபு. 2020 டிசம்பரில் இந்தியன் ஆயில் நூறு ஆக்டேன் பெட்ரோலை அறிமுகப்படுத்தியபோது டெல்லியில் அதன் விலை லிட்டர் 160 ரூபாய். சாதாரணப் பெட்ரோல் 82 ரூபாய் சொச்சம். இம்மரபினர் அந்த வித்தியாசத்தைச் செலவாகக் கருதுவதில்லை, நேர்த்திக்கடனாகக் கருதுகிறார்கள். இரண்டாவது, ‘எல்லாம் ஒரே டேங்கர்ல வர்றதுதான் சார்’ மரபு. மூன்றாவது, நாலு தடவை சாதா, ஐந்தாம் தடவை பவர் என்னும் சமரச மரபு. வாரம் முழுக்க ஓட்டல் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு ஞாயிறன்று கஷாயம் குடிப்பவர்கள் இவர்கள்.

மூவருக்கும் தெரியாமல் முடிவெடுப்பது, இன்ஜினின் காது. பிளாக்கில் பொருத்தப்பட்ட நாக் சென்சார் தட்டும் சத்தத்தைக் கேட்டதும், இன்ஜினின் கணினியான ஈ.சி.யூ. பொறியைச் சற்றுத் தாமதப்படுத்துகிறது. இழுவை கொஞ்சம் குறையும், பிஸ்டன் பிழைக்கும். ஸாப் நிறுவனம் தன் டர்போ கார்களில் இப்படி ஒரு காதை வைத்து, 1980களிலேயே பூஸ்ட் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தியது. மறுபுறம், 95க்கு மேல் பயன்படுத்திக்கொள்ளும் திட்டம் ஈ.சி.யூ.வில் எழுதப்படாத காருக்கு நூறு போட்டால், மகா பொறுமைசாலியை அழைத்துவந்து எந்தச் சோதனையும் வைக்காமல் திருப்பி அனுப்பியதற்குச் சமம்.

ட்யூன் படலம்

அந்தச் சோதனையை வைப்பதுதான் ட்யூன். ஸ்டேஜ் 1 என்பது மென்பொருள் மட்டும்: பூஸ்டைக் கூட்டி, பொறியை முன்கூட்டி விடுவார்கள். ஸ்டேஜ் 2இல் டவுன்பைப், இன்டர்கூலர் என்று இரும்பும் மாறும். அதற்குப் பிறகு வீட்டில் பேச்சுவார்த்தையும் மாறும்.

நூறு ஆக்டேனுக்கென்று மேப் எழுதிக்கொண்டவர் உண்மையில் தேர்ந்தெடுப்பது இன்ஜினை அல்ல, பங்கை. அருப்புக்கோட்டைக்கு அந்தப் பக்கம் இரவு பத்து மணிக்கு ‘நார்மல் மட்டுந்தான் இருக்கு’ என்று பதில் வரும்போது இது புரியும். இதற்கு முன்னுதாரணம் உண்டு. 1962இல் வந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் டர்போ காரில், இன்ஜின் தட்டாமலிருக்க மெத்தனாலும் தண்ணீரும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியில் ஊற்ற வேண்டும். அதற்கு ‘டர்போ ராக்கெட் திரவம்’ என்று பெயர். வாங்கியவர்களில் பலர் ஊற்ற மறந்தார்கள். தொட்டி காலியானதும் கார் தானே பூஸ்டை அடக்கிக்கொண்டது.

அளவை

ஒரு டன் சொச்சம் எடையுள்ள கார், சமதளத்தில் சீராக 40 கிலோமீட்டர் வேகத்தில் போகச் சக்கரத்துக்குத் தேவைப்படுவது மூன்று குதிரைத்திறனுக்குள்தான். 120 குதிரை காரில் மீதி 117 சும்மா நிற்கின்றன. ட்யூன் செய்து இருபது கூட்டினோம் என்று வைத்துக்கொள்வோம். சும்மா நிற்கும் குதிரைகள் 137 ஆகும். அலுவலகம் போய்ச் சேரும் நேரம் மாறாது.

கூடுதல் ஆக்டேன் தன் விலைக்கு நியாயம் செய்யும் இடங்கள் இல்லாமல் இல்லை. சித்திரை வெயிலில் ஏ.சி. போட்டு, நால்வரை ஏற்றிக்கொண்டு, குறைந்த ஆர்.பி.எம்.மில் மேம்பாலம் ஏறும்போது அது உதவும். கொல்லிமலையின் 70 கொண்டையூசி வளைவுகளில் இன்னும் நன்றாக உதவும். ஆனால் கொல்லிமலைக்குப் புறப்படும்போது மாமியார், மச்சினன், மச்சினன் பிள்ளைகள் என்று கணக்கு பதினொன்றைத் தொட்டுவிடுவதால், டீசல் டெம்போ டிராவலர் வாடகைக்கு எடுக்கப்படுகிறது. டர்போ கார் வீட்டில் உறை போர்த்தி நிற்கும்.

முடிபு

கள ஆய்வின் இறுதி நிகழ்வு, நாவலூர்ப் பக்கம் ஒரு பங்கில், மாலை ஏழு மணிக்கு. பின்னால் மூன்று ஹாரன்கள். “நார்மலா, பவரா சார்?” எட்கர், ஜெட்ஃபயர், ஸ்டிக்கர் ஆகியவற்றைப் பரிசீலிக்க ஆய்வுக்குரியவருக்குக் கிடைத்த நேரம் மூன்று விநாடி.

“பவர். ஐநூறுக்கு.”

“ஜீரோ பாத்துக்கோங்க சார்.”

ஹெப்டேன் வாங்கிய அதே மதிப்பெண்ணை அவர் எட்டிப் பார்த்துத் தலையசைக்கிறார். நாலு லிட்டர் சொச்சம் பொறுமை டேங்கில் இறங்குகிறது. பங்கை விட்டு வெளியே வந்ததும், முன்னால் நிற்கும் ஷேர் ஆட்டோவைப் பார்த்து ஹாரனை அமுக்குகிறார்.