ஆளில்லா நாற்காலிக்குக் காற்று

டிசம்பர் 14 தேசிய எரிசக்தி சேமிப்பு நாள். அன்று நகராட்சி அலுவலக வாசலில் 'மின்சாரத்தைச் சேமிப்போம்' என்று பேனர் கட்டுவார்கள். அது பளிச்சென்று தெரியவேண்டுமே என்று பட்டப்பகலில் இரண்டு ஃபோகஸ் லைட்டும் போடுவார்கள்.

உள்ளே, வரிவசூல் பிரிவு. எழுத்தர் டீக்குப் போயிருக்கிறார்; அவர் நாற்காலிக்கு மேலே ஃபேன் மட்டும் கடமை தவறாமல் சுற்றுகிறது. பழைய ஃபேன், 75 வாட். புதிய பிஎல்டிசி ஃபேன் என்றால் சுமார் 30 வாட்டில் வேலை முடிந்துவிடும். சரி, நிறுத்துவோம் என்று போனால் சுவரில் ஒரு டஜன் சுவிட்ச். எது எதற்கென்று பியூன் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் லீவு.

கமிஷனர் அறையில் ஏசி 18 டிகிரியில் ஓடுகிறது. 2020 முதல் நட்சத்திரக் குறியீடுள்ள ரூம் ஏசிகள் 24-ல் தொடங்கும்படிதான் தயாராகின்றன; ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்கிறது மத்திய அரசு. கூடவே ரிமோட்டையும் கொடுத்துத் தொலைத்திருக்கிறார்களே! ஐயா குளிருக்குச் சால்வை போர்த்தியிருக்கிறார் (சால்வைக்கு என்ன பஞ்சம், விழாவுக்கு விழா வருகிறது). போர்த்தியபடியே மின்சிக்கனச் சுற்றறிக்கையில் கையெழுத்துப் போடுகிறார். பிரிவுக்கு மூன்று பிரதி, கலர் பிரிண்டில்.