கணுக்கால் நமைச்சலும் கடற்கரை மின்ரயிலும்: ஓர் ஒப்பாய்வு

ஆய்வுப் பொருள்

மாலை ஆறரை மணிக்குத் தாம்பரம் நடைமேடையில் நிற்பவரின் இடது கணுக்காலில் எழும் நமைச்சல் மூளையைச் சென்றடையும் பாங்கு ஈண்டு ஆராயப்படும். ஆய்வாளரும் ஆய்வுக்கு உட்பட்ட உயிரியும் ஒருவரே. மொத்தச் செலவு, ஒரு லோக்கல் டிக்கெட்.

சொல்லாராய்ச்சி

கருணைக்கிழங்கு தின்ற தொண்டை நமைக்கும். கொசு கடித்த இடம் அரிக்கும். பேன் பிடித்த தலை ஊறும். சண்டைக்கு ஆள் கிடைக்காத தோள் தினவெடுக்கும். இவற்றை இடம் மாற்றிப் போட்டால் பாட்டிமார் சிரிப்பார்கள். 1660-இல் ஜெர்மானிய மருத்துவர் சாமுவேல் ஹாஃபன்ரெஃபர், சொறியத் தூண்டும் விரும்பத்தகாத உணர்வே அரிப்பு என்று வரையறுத்தார். மருத்துவ உலகம் அதை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது. உணர்வையும் கை பரபரப்பதையும் சேர்த்தே சொல்லிவிடும் ‘தினவு’ அவர் காதில் விழுந்திருந்தால் அத்தனை சிரமப்பட்டிருக்க மாட்டார் என்பது எம் துணிபு.

காரணகர்த்தா

கடிப்பது பெண் கொசு. உறிஞ்சும்போது இரத்தம் உறையாதிருக்க அது தன் எச்சிலைச் செலுத்துகிறது. அந்நிய எச்சிலைக் கண்ட தோலின் காவல் செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டுகின்றன. ஹிஸ்டமின் நரம்பு முனையைத் தட்டி எழுப்புகிறது. இவ்வளவும் முடிந்து கை கீழே இறங்குவதற்குள் கொசு இரும்புலியூர் போய்விடும்.

கடத்தல்

தொடுகைச் செய்தி விநாடிக்கு 35 மீட்டருக்கு மேல் பாயும், அது எக்ஸ்பிரஸ். ஹிஸ்டமின் அரிப்பைச் சுமக்கும் மெல்லிய ‘சி’ வகை இழையோ உறையில்லாதது. விநாடிக்கு ஏறத்தாழ அரை மீட்டர்தான் நகரும். மாலை நேரத்து ஜி.எஸ்.டி. சாலையில் குரோம்பேட்டையைக் கடந்தவர்களுக்கு இந்த வேகம் புதிதல்ல. 1931-இல் தாம்பரம்–கடற்கரை மின்ரயில் ஓடத் தொடங்கியது. அந்தத் தூரம் சுமார் 29 கிலோமீட்டர். தண்டவாளத்துக்குப் பதில் இந்த நரம்பை விரித்திருந்தால் பயணம் 16 மணி நேரம் பிடித்திருக்கும்.

கணுக்காலிலிருந்து தண்டுவடத்தைத் தொடவே சுமார் இரண்டு விநாடி. அங்கே வண்டி மாற வேண்டும். செய்தி மேம்பாலம் ஏறி எதிர் நடைமேடைக்குப் போவதுபோல் மறுபக்கம் கடந்து, தலாமஸ் வழியாகப் பெருமூளைக்கு ஏறுகிறது. இடது கால் அரிப்புக்கு வலது மூளையில்தான் மனு ஏற்கப்படும்.

மாற்றுக் கருத்தும் மறுப்பும்

அரிப்பு என்பது இளைத்த வலியே என்று நெடுங்காலம் நம்பினர். 1997-இல் ஜெர்மனி ஆய்வாளர்கள் மனிதத் தோலில் ஹிஸ்டமின் அரிப்புக்கென்றே இயங்கும் இழைகளைக் கண்டனர். 2007-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் தண்டுவடத்து ஏற்பி ஒன்று இல்லாத எலிகள் குறைவாகச் சொறிந்தன. வலியை மட்டும் வழக்கம்போல் உணர்ந்தன. பாதைகள் வேறு என்பது உறுதியாயிற்று.

அரிப்புக்குள்ளும் வேறு தடம் உண்டு. பூனைக்காலிக் காயின் சுணை மேலே பட்டால் அதிலுள்ள நொதி, ஹிஸ்டமினை நாடாமல் வேறு இழைகளைக் கிளப்புகிறது. இதற்கு ஹிஸ்டமினை மறிக்கும் அவில் மாத்திரை போட்டுவிட்டுக் காத்திருப்பவர், பாஸ்ட் லோக்கல் வரும் நடைமேடையில் ஸ்லோ லோக்கலுக்கு நிற்பவரைப் போன்றவர். அதே பூனைக்காலியின் விதையைச் சித்த மருத்துவம் மருந்தாக்கியிருக்கிறது. தேசிய சித்த மருத்துவ நிறுவனம் அடுத்த ஸ்டேஷனான சானடோரியத்தில் அமைந்திருப்பது எம் ஆய்வுக்கு வாய்த்த பேறு.

சொறிதல்

சொறிந்தால் சிறிது வலிக்கிறது. அந்த வலி, தண்டுவடத்தின் தடுப்பு நரம்புகளை ஏவி அரிப்பை அடக்குகிறது. ஆனால் வலியைத் தணிக்க மூளை அனுப்பும் செரோடோனின் அரிப்பை மீண்டும் கிளறிவிடும் என்று 2014-இல் எலிகளில் கண்டார்கள். ஆக, சொறிதல் என்பது கந்துவட்டிக்கு வாங்கும் சுகம்.

கள ஆய்வு

வண்டி பல்லாவரம் தாண்டியது. ஒரு கையில் கம்பி, மறு கையில் பை. குனிய இடமில்லை. வலது செருப்பின் விளிம்பால் இடது கணுக்காலைத் தேய்த்தேன். மீனம்பாக்கம் வருவதற்குள் பரம சுகம். அப்போது பக்கத்திலிருந்த பெரியவர் கண்ணை மூடியபடி சொன்னார்:

“இன்னும் கொஞ்சம் மேல, தம்பி.”

முடிபு

அரிக்காத கையைச் சொறிந்தாலும், கண்ணாடியின் தந்திரத்தால் அது அரிக்கும் கையாகத் தெரிந்தால் அரிப்பு குறையும் என்று 2013-இல் ஜெர்மனியின் லூபெக் நகர ஆய்வாளர்கள் காட்டினர். அவர்களுக்குக் கண்ணாடி தேவைப்பட்டது. நமக்குக் கூட்டமே போதும்.