145 அடி உயரத்துப் பேறுகாலம்

ரெட்லாண்ட்ஸ், கலிஃபோர்னியா
ஜூன் 22, 2025

அன்புள்ள அக்காவுக்கு,

  

போன்ல பேசினா அம்மா பக்கத்துல நின்னு கேப்பா. அதான் கடிதாசி. இதை நீ மட்டும் படி. படிச்ச பிறகு அம்மாகிட்ட எப்பிடிச் சொன்னா வெப்ராளம் வராதோ அப்பிடிச் சொல்லிரு.

விஷயம் இதுதான். ஜாக்கி மனுஷி இல்ல. கழுகு.

மார்ச் மாசம் இவரு அம்மாகிட்ட பேசும்போது சொன்னாரு: "மாமி, நம்ம ஜாக்கிக்கு மூணு பிள்ளை. நாங்க ராத்திரி உறங்கவே இல்ல." அம்மா ஜாக்கி யாருன்னு கேக்கல. பேறுகாலம்னு காதுல விழுந்தா ஆள் யாருன்னு விசாரிக்கிறது அம்மாவுக்குப் பிறகுதானே! "மூணுமா? ஆப்பரேஷனா? தள்ளைக்குப் பால் இருக்கா?"ன்னு கேட்டா. இவரும் சிரிக்காம, "பால் எல்லாம் கிடையாது மாமி, அப்பன்காரன் மீன் புடிச்சுக் கொண்டு வந்து குடுக்கான்"னு சொல்லியிருக்காரு. "நல்ல பயதான். பால்சுறாவா இருந்தா கொள்ளாம்"னுட்டு அம்மா போனை வச்சுட்டா.

அடுத்த வாரமே பெண்கள் ஐக்கியத்துல ஜெபக்குறிப்பு குடுத்தாச்சாம், அமெரிக்காவில் இருக்கிற சகோதரி ஜாக்கிக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் பெலன் தரும்படி. நீயும் முழங்கால் போட்டேன்னு கேள்விப்பட்டேன். அதுல ஒரு குறையும் இல்லக்கா. இங்கயும் ஆயிரக்கணக்கான ஆளுங்க அதைத்தான் செஞ்சாங்க, ஜாக்கி யாருன்னு தெரிஞ்சே.

எங்க வீட்டு முற்றத்துல நின்னு நிமிர்ந்தா சான் பெர்னார்டினோ மலை. அது மேல 6,700 அடிக்கு மேல பிக் பேர்னு ஒரு ஏரி. ஏரியைப் பாத்து நிக்கிற ஒரு ஜெஃப்ரி பைன் மரத்துல, 145 அடி உயரத்துல கூடு. நம்ம விளையில நிக்கிற பெரிய தென்னையில ஒண்ணுமேல ஒண்ணா ரெண்டு நட்டா எவ்வளவு வருமோ, அவ்வளவு. 'ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் பிக் பேர் வேலி'ன்னு அந்த ஊர்க்காரங்க சங்கம் ஒண்ணு 2015-ல அங்க கேமரா வச்சுது. வெயில் மின்சாரத்துல ஓடுற கேமரா, நடக்கிறதை அப்பப்ப போன்லயே பாக்கலாம். ராத்திரியிலயும் அகச்சிவப்பு வெளிச்சத்துல படம் காட்டும். அந்த வெளிச்சம் கழுகு கண்ணுக்குத் தெரியாது. முட்டையிடுற காலம் வந்துட்டா மரத்துப் பக்கம் ஒருத்தனும் போகக் கூடாதுன்னு வனத்துறை சுத்துவட்டாரத்தையே அடைச்சுரும்.

குடும்பக் கதை சொல்லாம நீ விட மாட்டே. ஜாக்கி 2012-ல பொரிஞ்சவன்னு கணக்கு. முதல் மாப்பிள்ளைக்கு மிஸ்டர் பி-ன்னு பேரு. 2018-ல ஷேடோன்னு ஒரு இளவட்டம் வந்து கூட்டு ஓரத்துல உக்காந்தான். மிஸ்டர் பி விரட்டினாரு. போகல. ஜாக்கி விரட்டினா. அப்பவும் போகல. கடைசியில போனது மிஸ்டர் பி. இதை நம்ம சபையில சொன்னா என்ன ஆகும்னு நினைச்சு இவரு தனியா சிரிச்சிட்டு இருந்தாரு.

கழுகுல பெண்ணுதான் உருவத்துல பெரிசு, அதிகாரமும் அதுக்கு ஏத்த மாதிரி. ஷேடோ தன்னை விட நீளமான கம்பைத் தூக்கிட்டு வந்து கூட்டுல வைக்கான். ஜாக்கி அதை இழுத்து வேற இடத்துல வைக்கா. அவன் திரும்ப இழுக்கான். நீயும் அத்தானும் கட்டிலை எந்தப் பக்கம் போடணும்னு சண்டை போட்ட அதே சண்டை. அடைகாக்க அவன் முறை வந்தாலும் ஜாக்கி எழும்ப மாட்டா. எழும்ப வைக்க ஒரு சுள்ளி கொண்டு வந்து அவ மேலயே சாத்துவான். ஆம்பிளை ஒருத்தன் பிள்ளை பாக்க இந்த அளவுக்கு மல்லுக்கட்டுறதை நான் நம்ம நெய்யூர்லயும் பாத்ததில்ல, இங்கயும் பாத்ததில்ல. இவருகிட்ட சொன்னேன். இவரு சத்தத்தைக் கூட்டி வச்சாரு.

சத்தம்னு சொன்னதும் ஞாபகம் வருது. சினிமாவுல கழுகு 'கீய்ய்ய்'னு மலையே அதிரக் கத்துமே, அது இந்த வெள்ளைத்தலைக் கழுகுக்கு உள்ளது இல்ல. செவ்வால் வல்லூறுன்னு வேற ஒரு பறவைக்கு உள்ளது, இரவல். இதுக்குக் குரல் கீச்சுக் கீச்சுன்னு கோழிக்குஞ்சு அளவுக்குத்தான். நாட்டுச் சின்னமா 1782-லேர்ந்து இருக்கு, போன டிசம்பர்லதான் சட்டப்படி தேசியப் பறவையாச்சு. அதுவரைக்கும் யாரும் எழுதி வைக்கவே இல்லையாம்!

ஜாக்கிக்கு நல்லது எளுப்பத்துல நடக்கல. 2019-ல ஒரு குஞ்சு, 2022-ல ஒண்ணு பறந்துது. 2023-ல முட்டையை அண்டங்காக்கை தின்னுட்டு. 2024-ல மூணு முட்டை, ஒண்ணும் பொரியல. அந்தப் பிப்ரவரியில பனி கொட்டக் கொட்ட ஏறக்குறைய இரண்டரை நாள் எழும்பாம இருந்தா. சாதாரணமா அஞ்சு வாரத்துல பொரியுற முட்டை அது. ரெண்டு மாசம் கழிஞ்சும் அவ விடல. என்கூட வேலை பாக்குற பிலிப்பைன்ஸ்காரி, பிரசவ வார்டுல இருவது வருஷம் இருந்தவ, நேரம் பாத்து ஓய்வறைக்குப் போய் மூக்கைச் சிந்திட்டு வருவா.

இந்த வருஷம் ஜனவரி 22, 25, 28-னு மூணு முட்டை. மார்ச் 3 ராத்திரி, எங்களுக்கு நைட் டியூட்டி, முதல் குஞ்சு ஓட்டை உடைச்சு வெளிய வந்துது. விடியுமுன்னே ரெண்டாவது. 8-ம் தேதி மூணாவது. குஞ்சுக்கு மூக்கு நுனியில முட்டைப்பல்னு ஒண்ணு உண்டு, அதை வச்சுத்தான் ஓட்டைக் கீறும். கீறத் தொடங்கி வெளிய வர ஒரு நாளுக்கு மேலயும் ஆகும். தள்ளை கை குடுக்காது. நாங்க எல்லாம் மனுஷிகளுக்கு "முக்கு முக்கு"ன்னு சொல்லிச் சம்பளம் வாங்குறவங்க. போனைச் சுத்தி நின்னு முட்டையைப் பாத்தும் அதையே சொல்லிட்டு இருந்தோம்.

இனி அம்மாகிட்ட நீ பதமா சொல்ல வேண்டிய இடம். மார்ச் 13 ராத்திரி பனிப்புயல். ஜாக்கி மூணையும் சிறகுக்குள்ள அடக்கிட்டு இருந்தா. மறுநாள் தீன் குடுக்க எழும்பும்போது ரெண்டு தலைதான் நீண்டுது. சங்கத்துக்காரங்க கொள்கை, என்ன நடந்தாலும் கை வைக்கிறது இல்ல. "ஏன் ஒருத்தர் ஏறக் கூடாது?"ன்னு பலரும் அழுதாங்க. 145 அடியில, பனியில, ஒருத்தன் ஏறினா தள்ளை பறந்துரும், மத்த ரெண்டும் விறைச்சுரும். எனக்கு அது சரின்னுதான் பட்டுது. ஆனா அன்னைக்கு வார்டுல அதை வாய்விட்டுச் சொல்ற தைரியம் வரல.

"பனியைப் பத்தி தெக்கத்திக்காரி உனக்கு என்ன தெரியும்?"னு ஒரு வெள்ளைக்காரன் கேலி பண்ணினான், நல்ல பையன்தான். நான் சாமர்வெல் டாக்டர் கதையை எடுத்து விட்டேன். 1924-ல எவரெஸ்ட்ல ஆக்சிஜன் இல்லாம 28,000 அடி பக்கம் ஏறி, இறங்கும்போது தொண்டைக்குள்ள சதை உறைஞ்சு அடைச்சுச் சாகப் போன மனுஷன், எங்க நெய்யூர் ஆஸ்பத்திரியிலதான் கத்தி புடிச்சாரு, எங்க பாட்டாமாருக்கு வயிறு கிழிச்சுத் தைச்சாருன்னு. அதுக்குப் பிறகு அவன் பேசல. நம்ம ஊர் மானம் மலை மேலயும் நிக்கும், கேட்டியா.

சங்கத்துக்காரங்க குஞ்சுகளுக்குப் பேரு கேட்டாங்க. 50,000-க்கு மேல பேரு வந்து குவிஞ்சுது. அந்த ஊர் மூணாங்கிளாஸ் பிள்ளைங்க ஓட்டுப் போட்டு சன்னி, கிஸ்மோன்னு முடிவு பண்ணிச்சு. போனதுக்கு மிஸ்டின்னு, சங்கத்துல முன்னே உழைச்சு இறந்துபோன ஒருத்தி நினைவா.

இப்ப உன் கேள்விக்கு வாறேன். "பருந்துக் குஞ்சுக்கு இவ்வளவு பாடா?"ன்னு நீ கேப்பே. கேக்காம இருக்க மாட்டே. நாம வளந்தது கோழி கட்சியில. முற்றத்துல நிழல் ஓடினா அம்மா அடுக்களையிலேர்ந்து கொதும்பைத் தூக்கிட்டு ஓடி வருவா. நீ தகரத்தைத் தட்டுவே. நான் சும்மா கத்துவேன். தள்ளைக்கோழி சிறகை விரிச்சுக் குஞ்சுகளை உள்ள இழுக்கும். குளச்சல்ல கரமடி இழுக்கிற இடத்துல செம்பருந்து வட்டமிடுறதை அழகுன்னு பாத்திருக்கோம், சரி. ஆனா அது நம்ம முற்றத்துக்கு வந்தா அழகு இல்ல, கள்ளன்.

இங்க நான் கட்சி மாறிட்டேன். ஒருநாள் ஷேடோ ஒரு பறவையைத் தூக்கிட்டு வந்து போட்டான். கூடவே பாத்துட்டு இருந்த பிலிப்பைன்ஸ்காரி கை தட்டினா, நானும் தட்டினேன். பிறகுதான் கவனிச்சேன், நம்ம தேரூர் குளத்துல நெத்தியில வெள்ளை நாமம் போட்டுட்டு நீந்துமே நாமக்கோழி, அதோட அமெரிக்கச் சொந்தக்காரன் அது. அதுக்கும் எங்கயோ ஒரு தள்ளை இருந்திருக்கும். அதுக்கு யாரும் கேமரா வைக்கல.

இந்தக் கழுகு கள்ளன்தான்னு முதல்ல சொன்னது நான் இல்லக்கா. பெஞ்சமின் பிராங்க்ளின், இந்த நாட்டை உண்டாக்கின பெரியவங்கள்ல ஒருத்தரு, 1784-ல பிரான்ஸ்லேர்ந்து மகளுக்கு எழுதின கடிதாசியில சொல்லியிருக்காரு. இது நடத்தை கெட்ட பறவை, உழைச்சு மீன் புடிக்கிற வேற பருந்துகிட்டேர்ந்து தட்டிப் பறிக்கும், இதைவிட வான்கோழி மரியாதையானதுன்னு. வெளிநாட்டுல உக்காந்து வீட்டுக்குக் கடிதாசி எழுதினா எல்லாரும் கோழி விஷயத்துக்குத்தான் வருவாங்க போல.

ஆனா கள்ளனுக்கும் கஷ்டகாலம் வந்துது. டிடிடி உனக்கு ஞாபகம் இருக்கா? கொசுவுக்கு மருந்தடிக்க வந்து சுவர்ல தேதி எழுதிட்டுப் போவாங்களே, அதேதான். இங்க வயல்லயும் காட்டுலயும் அடிச்சு, அது ஆத்துக்குப் போய், மீனுக்குள்ள போய், மீனைத் தின்ன கழுகுக்குள்ள போச்சு. முட்டை ஓடு மெலிஞ்சுது. அடைகாக்க உக்காந்த தள்ளை பாரத்துலயே முட்டை நொறுங்கிச்சு. 1963-ல அலாஸ்காவை விட்டுட்டு இந்த நாடு முழுக்க எண்ணினா 417 சோடிதான். 1972-ல டிடிடியைத் தடை பண்ணினாங்க. 2007-ல அழியுற உயிரினங்கள் பட்டியல்லேர்ந்து பேரை எடுத்தாச்சு. 2019 கணக்குல கூடு கட்டுற சோடி மட்டும் 71,000-க்கு மேல. உக்காந்தே பிள்ளையைக் கொன்னுட்டோமேன்னு ஒரு தள்ளைக்குத் தெரிஞ்சிருக்குமோ இல்லையோ. ராத்திரி டியூட்டி முடிஞ்சு கார் ஓட்டிட்டு வரும்போது எனக்கு இதுதான் ஓடும்.

இனி அண்ணன் விஷயம். மஸ்கட்டுலேர்ந்து போன லீவுக்கு வந்தப்ப வராந்தாவுல கேமரா மாட்டிட்டுப் போனானே, அதைப் பத்தி நீ புலம்பினதை இவருகிட்ட சொன்னேன். "உங்க அம்மாவுக்கும் ஒரு சங்கம் வந்தாச்சு, உறுப்பினர் ஒரே ஆளு"ன்னாரு. சிரிச்சுட்டு நிறுத்திட்டேன்.

ஜாக்கிக்குத் தன்னை ஒருத்தன் பாக்கிறான்னு தெரியாது. அதனால வாய் நிறைய மீனோட கொட்டாவி விடுறா, குஞ்சுங்க பின்பக்கத்தைத் திருப்பிக் கூட்டுக்கு வெளிய பீச்சி அடிக்குது. அம்மாவுக்குத் தெரியும். அதான் வராந்தாவுக்கு வரணும்னா நல்ல சேலை கட்டிட்டு வாறா. முன்னே திண்ணையில சாய்ஞ்சு உறங்கினவ இப்ப பைபிளை விரிச்சு வச்சுட்டு உக்காருறா, கண்ணாடி போடாமயே. "கேட் ஏன் திறந்து கிடக்கு"ன்னு அண்ணன் உனக்குப் போன் பண்ணுறான். உனக்குக் கோவம் வாறது நியாயம்தான். ஆனா அண்ணனும் எண்ணெய்க் கம்பெனி முகாம்ல மேல் கட்டில்ல படுத்துட்டு இதைத்தான் பாக்குறான். எனக்கு ஜாக்கி எப்பிடியோ, அவனுக்கு அம்மா. அவளைக் கூப்பிட்டுப் பேசலாமேன்னு கேட்டா, பேசினா அவ அழுவா, பாத்தா அழ மாட்டாங்கான்.

இப்ப ஒரு வாரமா கேமராவுல வெள்ளையா மட்டும் தெரியுதாம். ரிப்பேரா இருக்கும், ஆள் அனுப்பணும்னு சொல்லிட்டு இருக்கான். அது அம்மாவோட துவர்த்துன்னு எனக்குத் தெரியும். காய வைக்கிறதுக்குப் போட்டது இல்லைங்கிறதும் தெரியும். அண்ணன்கிட்ட நான் சொல்லல. நீயும் சொல்லாதே. அவ ரெண்டு நாள் நிம்மதியா உறங்கட்டும்.

சன்னி ஜூன் 2-ல பறந்தா, கிஸ்மோ சில நாள் கழிச்சு. இன்னும் கூட்டுப் பக்கம் வந்து கத்தித் தீன் கேக்குதுங்க. தலை வெள்ளையாக இன்னும் நாலஞ்சு வருஷம் ஆகும், இப்ப உடம்பெல்லாம் கரும்பழுப்பு. ஷேடோ மீனைப் போட்டுட்டு ஓடிர்றான், இல்லேன்னா காலையே கடிச்சுருதுங்க. இவருக்குத்தான் வீடு வெறிச்சுன்னு இருக்காம். ஆப்பிரிக்காவுல யானை வெள்ளம் குடிக்கிற ஒரு குளத்துக் கேமராவைத் தேடிக் கண்டுபிடிச்சிருக்காரு. யானை வராத நேரம் வெறும் குளத்தைப் பாத்துட்டு இருக்காரு. அதுக்கு நெய்யூர்லயே இருந்திருக்கலாம்.

பெண்கள் ஐக்கியத்துல என்ன சொல்லணும்னு நீயே முடிவு பண்ணு. ரெண்டு பிள்ளையும் பெலத்தோட இருக்குன்னு சொன்னா பொய் இல்ல. அம்மாவுக்கு விசா எடுக்கச் சொல்லி இவரு நிக்காரு, ஜனவரியில திரும்ப முட்டை வரும், அம்மாவும் இருந்தா கலகலப்பா இருக்கும்னு. எனக்குத் தெரியும், அந்தப் படத்தைக் கண்டா அம்மா முதல் வேலையா டிவிக்கு முன்னால நின்னு கொதும்பைத் தேடுவா. அவ வரட்டும். டிவிக்கு இன்ஷூரன்ஸ் போட்டுருக்கோம்.

வாறவங்க யாராவது இருந்தா முந்திரிக்கொத்தும் கொஞ்சம் கருப்பட்டியும் குடுத்து விடு. கருவாடு வேண்டாம். போன தடவை ஏர்போர்ட்ல பையைத் திறந்த அம்மாள் மூக்கைப் பொத்துன பொத்தல்ல எனக்கு மானம் போச்சு.

இப்படிக்கு,
உன் அன்புத் தங்கை